மிதந்த கோடரியும் நின்றுபோன என்ஜினும்



இந்த மாதம் உங்களோடு பகிர்ந்துகொள்ளும்படி 2 இராஜாக்கள் 6-ம் அதிகாரத்தின் முதல் ஏழு வசனங்களைக் கர்த்தர் என் இருதயத்தில் வைத்தார். வேதத்தைத் திறந்து ஒருமுறை வாசித்துவிட்டு மேலே படியுங்கள். எலிசாவோடு இருந்த தீர்க்கதரிசிகளின் கூட்டத்தாருக்குத் தங்க இடம் போதவில்லை. யோர்தான் கரைக்கு மரம் வெட்டப் போனார்கள். ஒருவன் வெட்டிக்கொண்டிருக்கும்போதே கோடரியின் இரும்பு கழன்று தண்ணீருக்குள் போய்விட்டது. சொந்தக் கோடரியும் இல்லை, இரவல்! அவன் பதறிப்போய்க் கத்தினான். எலிசா உடனே அற்புதம் செய்துவிடவில்லை. எந்த இடத்தில் விழுந்தது என்று முதலாவது விசாரித்தார். அவன் இடத்தைக் காட்டினான். அதற்குப் பிறகுதான் இரும்பு மிதந்தது.

பிரியமானவர்களே, இன்றைக்கு நம் சபையில் அநேகருடைய கோடரி எது தெரியுமா? கார்தான்! டாக்சி ஓட்டுகிற சகோதரர்கள் இருக்கிறார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறவர்கள் இருக்கிறார்கள். கிராம ஊழியத்துக்கு ஸ்பீக்கர் பெட்டியையும் ஜமுக்காளத்தையும் பழைய ஆம்னி வேனில் ஏற்றிக்கொண்டு போகிறவர்கள் இருக்கிறார்கள். ஆம்னி வண்டி தயாரிப்பு 2019-ல் நின்றுவிட்டது. ஆனாலும் நம்முடைய ஆம்னிகள் இன்னும் ஓய்வு பெறவில்லை, ஸ்தோத்திரம்! அந்தக் கோடரியின் இரும்பு ஒருநாள் கழன்று விழுந்தால், அதாவது நடுரோட்டில் என்ஜின் நின்றுபோனால், தேவபிள்ளை என்ன செய்ய வேண்டும்?

ஊழியத்துக்கு வருமுன் பதினொரு வருஷம் ஒர்க்‌ஷாப்பில் கிரீஸும் கையுமாக இருந்தவன் நான். அதனால் இதைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்து பேசுகிறேன். நான்கு காரியங்களைச் சொல்லுகிறேன்.

முதலாவது: வேலை செய்யும்போதே விழுந்தது

அந்த மனுஷன் தூங்கிக்கொண்டிருக்கும்போது இரும்பு விழவில்லை. நல்ல வேலை செய்துகொண்டிருக்கும்போது விழுந்தது. இதைக் கவனியுங்கள். ஒருவருடைய வண்டி நின்றுவிட்டால் உடனே, "என்ன பாவமோ!" என்று பேசாதிருங்கள்.

என்ஜின் படுகிற பாட்டை யோசித்துப் பாருங்கள். நிமிடத்துக்கு 3,000 சுற்றில் ஓடும்போது, ஒவ்வொரு பிஸ்டனும் ஒரு வினாடிக்குள் 50 தரம் மேலே போய் 50 தரம் கீழே வருகிறது. உள்ளே எரிகிற ஜுவாலையின் சூடு 2,000 டிகிரி செல்சியஸுக்கும் மேலே. அலுமினியமோ 660 டிகிரியிலேயே உருகிவிடும். பிஸ்டன் செய்திருப்பது அந்த அலுமினியத்தில்தான்! அப்படியானால் ஏன் அது உருகவில்லை? சூட்டை எடுத்துப்போகத் தண்ணீரும், உராயாமல் காக்க ஆயிலும் உள்ளே ஓடிக்கொண்டே இருக்கின்றன. பேரிங்குக்கும் கிராங்குக்கும் நடுவே நிற்கிற ஆயில் படலம் நம் தலைமுடியைவிட மெல்லியது. அந்த மெல்லிய படலத்தின் மேல்தான் உங்கள் குடும்பம் முழுவதும் பிரயாணம் பண்ணுகிறது.

ஒரு சின்னக் கணக்கு. சராசரியாக மணிக்கு 40 கி.மீ. வேகம், நிமிடத்துக்கு 2,000 சுற்று என்று வையுங்கள். 1 லட்சம் கி.மீ. ஓடி முடிப்பதற்குள் அந்த என்ஜின் 30 கோடி தரம் சுற்றியிருக்கும். 2 லட்சம், 3 லட்சம் கி.மீ. ஓடின வண்டி களைத்துப்போவது ஆச்சரியமா? அது இத்தனை நாள் ஓடினதுதான் ஆச்சரியம்!

கி.மீ. கூடிவிட்டாலே வண்டி செத்துவிடும் என்றும் நினைக்காதிருங்கள். அமெரிக்காவில் இர்வ் கார்டன் என்று ஒரு பள்ளிக்கூட ஆசிரியர் இருந்தார். 1966-ல் ஒரு வால்வோ கார் வாங்கினார். அதிலேதான் தினமும் வேலைக்குப் போய்வந்தார். 2013-ல் அந்த ஒரே கார் 30 லட்சம் மைலைத் தொட்டது. நம் கணக்கில் சுமார் 48 லட்சம் கி.மீ.! ஏதாவது மந்திர எண்ணெய் ஊற்றினாரா? இல்லை. காலா காலத்தில் ஆயில் மாற்றினார். கம்பெனி கொடுத்த புத்தகத்தில் சொன்னபடி கவனித்தார். அந்த என்ஜினைக்கூட இடையிலே பிரித்துப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. 2018-ல் அவர் மரித்தார். அவர் விட்டுப்போன பாடம் நமக்கு இருக்கிறது.

இரண்டாவது: அது இரவல் கோடரி

நம்முடைய கார்களில் எத்தனை நம்முடையவை? ஆர்.சி.யில் நம் பேர் இருக்கும், அதன் கீழே பைனான்ஸ் பேரும் இருக்கும்! என்ஜின் நின்றுபோனாலும் மாதத் தவணை நிற்பதில்லை. பாரம் அங்கேதான் இருக்கிறது.

நம் சபையில் ஒரு சகோதரன். பேர் வேண்டாம். டாக்சி ஓட்டுகிறவர், மகள் நர்சிங் படிக்கிறாள். சித்திரை வெயிலில் நெல்லையிலிருந்து மதுரை விமான நிலையத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போனார். கயத்தாறு தாண்டினதும் சூடு காட்டுகிற முள் மேலே ஏறிவிட்டது. வண்டியில் இருந்தவர்களோ, "நேரமாயிடுச்சு, சீக்கிரம் போங்க" என்று நெருக்கினார்கள். கோவில்பட்டிக்கு இன்னும் பன்னிரண்டு கிலோமீட்டர்தானே என்று ஓட்டினார். நாலு கிலோமீட்டர் போகுமுன் வெள்ளைப் புகையைத் தள்ளிவிட்டு வண்டி நின்றது. 2,80,000 கி.மீ. ஓடின வண்டி.

வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் எழும்பி அழுதார். "ஐயா, சத்துரு என் பொழப்புலேயே கை வச்சுட்டான். தவணை இன்னும் பதினாலு மாசம் இருக்கு. புள்ளைக்கு ஃபீஸ் கட்டணும்." நாங்கள் எல்லாரும் கூடி ஜெபித்தோம். ஜெபம் முடிந்ததும் நான் அவர் தோளில் கை போட்டு, "தம்பி, வாங்க, வண்டியைப் போய்ப் பார்ப்போம்" என்றேன்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிப்பு. அவசரத்துக்கு என்று சொல்லிக் கந்துவட்டிக்கும் மீட்டர் வட்டிக்கும் ஓடாதிருங்கள். அதிக வட்டி வாங்குவதைத் தடுக்க நம் மாநிலத்தில் 2003-ம் ஆண்டிலேயே சட்டம் வந்திருக்கிறது. தவணை தவறுவதற்கு முன்னாலேயே பைனான்ஸ் கொடுத்தவர்களிடம் நேரில் போய் நிலைமையைச் சொல்லுங்கள். ஒளிந்து திரிகிறவனைவிட முகம் காட்டிப் பேசுகிறவனுக்கு வழி பிறக்கும். இரவல் வாங்கினவன் அதை மறைக்கவில்லை என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது: விழுந்த இடத்தைக் காட்டினான்

இதுதான் இந்தச் செய்தியின் மையம். கேட்கிற காதுள்ளவர்கள் கேளுங்கள். எலிசா தேவமனுஷன். இடம் கேட்காமலே இரும்பை எழுப்பியிருக்கலாம். ஆனாலும் கேட்டார். அற்புதத்துக்கு முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது. அந்தக் கேள்விக்கு உண்மையான பதில் சொல்வதும் விசுவாசம்தான். "சத்துரு, சத்துரு" என்று பொதுவாகச் சொல்லிவிட்டால் இடம் தெரியாது. இடம் தெரியாவிட்டால் கம்பை எங்கே எறிவது?

ஒர்க்‌ஷாப்பில் போய்ப் பார்த்தோம். ரேடியேட்டருக்குப் போகிற ஒரு ரப்பர் ஹோஸ் வெடிப்புவிட்டு, மூன்று மாதமாகச் சொட்டுச் சொட்டாக ஒழுகியிருக்கிறது. அவரும் காலையில் குழாய்த் தண்ணீரை ஊற்றி ஊற்றி ஓட்டியிருக்கிறார். சில நூறு ரூபாய் ஹோஸ்! தண்ணீர் வற்றிப்போய் சூடு தாங்காமல் ஹெட் வளைந்து, கேஸ்கெட் போய், தண்ணீர் சிலிண்டருக்குள் இறங்கிவிட்டது. ஆயில் மூடியைத் திறந்தால் உள்ளே பால் கலந்த காப்பி மாதிரி நுரைத்திருந்தது. தண்ணீரும் ஆயிலும் கலந்துவிட்டதற்கு அது அடையாளம். விழுந்த இடம் தெரிந்துவிட்டது!

பிரியமானவர்களே, என்ஜின் ஒருநாளில் சாவதில்லை. அது முன்னதாகவே பேசுகிறது.

புகை பேசும். குளிர்ந்த காலையில் கொஞ்ச நேரம் வருகிற வெள்ளை ஆவியைப் பற்றிப் பயப்பட வேண்டாம். சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால் தண்ணீர் உள்ளே போகிறது. நீலப் புகை வந்தால் என்ஜின் ஆயில் குடிக்கிறது, ரிங் அல்லது வால்வு சீல் தேய்ந்திருக்கலாம். கறுப்புப் புகை வந்தால் எண்ணெய் சரியாக எரியவில்லை, ஏர் ஃபில்டரிலிருந்து பார்க்க ஆரம்பியுங்கள்.

சத்தம் பேசும். அடியிலிருந்து டொக் டொக் என்று தட்டுகிற சத்தம் பேரிங் கதறுகிற சத்தம். பாட்டுச் சத்தத்தைக் கூட்டி வைத்து அதை அமுக்காதிருங்கள், அது கிறிஸ்தவப் பாட்டாக இருந்தாலும் சரி!

விளக்கு பேசும். ஓடும்போது சிவப்பான ஆயில் விளக்கு எரிந்தால், அடுத்த ஊர் வரைக்கும் அல்ல, அடுத்த பெட்ரோல் பங்க் வரைக்கும் அல்ல, பத்திரமாக ஓரம் கட்டக்கூடிய முதல் இடத்திலேயே நிறுத்தி என்ஜினை அணைக்க வேண்டும். சூடு முள் சிவப்புக்குப் போனாலும் அப்படியே. ஏ.சி.யை நிறுத்தி, ஓரம் கட்டி, அணைத்துவிட்டு, குறைந்தது அரைமணி நேரம் காத்திருங்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. உள்ளே அழுத்தத்தோடு அடைபட்டிருக்கிற கொதிநீர் முகத்திலே பீச்சியடிக்கும். கொதிக்கிற என்ஜின்மேல் பச்சைத் தண்ணீரை ஊற்றவும் வேண்டாம், ஹெட் வெடித்துவிடும்.

தாமிரபரணிக் கரையில் இருக்கிற நமக்கு இன்னொரு காரியமும் தெரிய வேண்டும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை யார் மறப்பார்? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ.! வண்டி வெள்ளத்தில் நின்றிருந்தால், "ஓடுதா பாப்போம்" என்று சாவியைத் திருகாதிருங்கள். காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் ஒரே திருகில் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். மெக்கானிக் வந்து தண்ணீரை வடிக்கும்வரை தொடாதிருப்பதே ஞானம்.

சிலர் சொல்லுவார்கள்: "பாஸ்டர், கர்த்தர் காப்பாற்றுவார், நாங்க ஓட்டிட்டே போவோம்." கர்த்தர் காக்கிறவர்தான், ஆமென்! ஆனால் தேவாலயத்து உப்பரிகையிலிருந்து குதிக்கச் சொன்னவன் யார்? குதிக்க மறுத்தவர் யார்? (மத்தேயு 4:5-7). எரிகிற சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டே ஆக்சிலேட்டரை மிதிப்பது விசுவாசம் அல்ல, அது தேவனைப் பரீட்சை பார்ப்பது. கண்ணாடியில் இயேசு ஜீவிக்கிறார் என்று எழுதியிருக்கிறோம். நல்ல சாட்சி! ஆனால் அந்த எழுத்து என்ஜினுக்குள் ஆயில் ஊற்றாது.

நான்காவது: கையை நீட்டி எடுத்தான்

இரும்பு மிதந்தது. பறந்து வந்து காம்பில் தானாக மாட்டிக்கொள்ளவில்லை. அவன் குனிந்து கையை நீட்டி எடுக்க வேண்டியதாயிருந்தது. தேவன் செய்வதைத் தேவன் செய்வார், நாம் செய்வதை நாம் செய்ய வேண்டும்.

கோபுரம் கட்டுகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்ப்பான் என்று ஆண்டவர் உவமை சொன்னார் (லூக்கா 14:28-30). என்ஜின் போனால் நாமும் உட்கார்ந்து கணக்குப் பார்ப்போம். பிரிப்பதற்கு முன் கம்ப்ரஷன் சோதனை செய்யச் சொல்லுங்கள். எந்த சிலிண்டர் போயிருக்கிறது என்று அது காட்டிக்கொடுக்கும். இரண்டு இடத்தில் எழுத்து மூலம் மதிப்பீடு வாங்குங்கள். சாதாரண இன்சூரன்ஸ் தேய்மானத்துக்குப் பணம் தராது, அதை நம்பிக் கணக்குப் போடாதிருங்கள். ஹெட் வேலையோடு முடியுமா, போர் அடித்து முழு என்ஜின் வேலை செய்ய வேண்டுமா, சென்னை புதுப்பேட்டை போன்ற இடங்களில் கிடைக்கிற பழைய என்ஜினை வாங்கி மாட்டலாமா என்று விசாரியுங்கள். வேறு என்ஜின் மாட்டினால் அதற்குரிய ரசீதோடு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் என்ஜின் நம்பரை ஆர்.சி.யில் மாற்றிக்கொள்ள வேண்டும். சொந்த உபயோகக் காரின் ஆர்.சி. 15 வருஷம், அதற்குமேல் 5 வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அந்தச் செலவையும் சேர்த்துப் பாருங்கள். வண்டியின் விலையைவிட வேலையின் செலவு கூடினால், விட்டுவிடுவதும் ஞானம்தான்.

இந்த இடத்தில்தான் அந்தச் சகோதரனுக்கு உண்மையான சோதனை வந்தது. ஒரு புரோக்கர் வந்தார். "அண்ணே, எதுக்கு இவ்வளவு செலவு? கேஸ்கெட்டை மட்டும் மாத்தி, கெட்டி ஆயில் ஊத்திடுங்க. சத்தம் அடங்கிடும். கிலோமீட்டரையும் ஒரு லட்சம் குறைச்சுக் காட்டிடலாம். ஒரு வாரத்துல வித்துத் தர்றேன்" என்றார். தவணை கழுத்தை நெரிக்கிறது. மகளின் ஃபீஸ் நிற்கிறது. யாருக்கும் தெரியப்போவதில்லை. அன்று இரவு அவர் தூங்கவில்லை. காலையில் எனக்குப் போன் செய்தார். "ஐயா, அதை வாங்குறவனும் என்னை மாதிரி ஒரு டிரைவராத்தானே இருப்பான்? அவனுக்கும் ஒரு புள்ள இருக்குமே. என்னால முடியாதுய்யா." அல்லேலூயா! கள்ளத் தராசை வெறுக்கிற தேவன் (நீதிமொழிகள் 11:1) கள்ளக் கிலோமீட்டரையும் வெறுக்கிறார். என்னைக் கேட்டால் அந்த நிமிஷத்தில்தான் இரும்பு மிதக்க ஆரம்பித்தது.

சபையாரும் கையை நீட்டினார்கள். ஒரு மூப்பர் தன்னுடைய ஆம்னியைக் கொடுத்து, "பள்ளிக்கூட டிரிப்பை நிறுத்தாதீங்க" என்றார். இன்னொரு சகோதரன் வட்டியில்லாமல் கைமாற்று கொடுத்தார். லேத்தில் கொடுத்து ஹெட்டைச் சமப்படுத்தி, கேஸ்கெட், ஹோஸ், தெர்மோஸ்டாட் எல்லாம் புதிதாகப் போட்டோம். கம்ப்ரஷன் நன்றாக இருந்ததால் போர் அடிக்க அவசியம் வரவில்லை. இருபத்திரண்டு நாளில் வண்டி ரோட்டுக்கு வந்தது. ஒரு மாதத் தவணை தாமதமானது, அடுத்த இரண்டு மாதத்தில் சரிக்கட்டினார். தேவனுக்கே மகிமை!

சனிக்கிழமை சாயங்காலம்

ஞாயிறு ஆராதனைக்குப் போட வேண்டிய வெள்ளைச் சட்டையைச் சனிக்கிழமை இஸ்திரி போடுகிறோம் அல்லவா? அதே நேரம் பத்து நிமிஷம் பானெட்டையும் திறங்கள். ஆம்னியானால் முன்சீட்டைத் தூக்குங்கள், என்ஜின் அதற்கு அடியில்தான் இருக்கிறது.

வண்டி சமதரையில் நிற்கட்டும், என்ஜின் ஆறியிருக்கட்டும். ஆயில் பார்க்கிற கம்பியை உருவித் துடைத்து, திரும்பப் போட்டு எடுங்கள். இரண்டு கோட்டுக்கும் நடுவே ஆயில் இருக்க வேண்டும். கூலன்ட் டப்பாவில் அளவு குறைகிறதா என்று பாருங்கள். குறைந்தால் எங்கேயோ ஒழுகுகிறது. குழாய்த் தண்ணீர் உள்ளே துருவும் உப்பும் படியவைக்கும், கூலன்ட்டே ஊற்றுங்கள். ஹோஸை அமுக்கிப் பாருங்கள், வெடிப்பு தெரியும். வண்டி நின்ற இடத்தில் தரையைப் பாருங்கள், சொட்டு தெரியும். டைமிங் பெல்ட் உள்ள வண்டியானால் புத்தகத்தில் எழுதின கி.மீ. வந்ததும் மாற்றிவிடுங்கள். அநேக என்ஜின்களில் அது ஓடும்போது அறுந்தால் வால்வுகள் வளைந்துபோகும். பழைய வண்டி வாங்கி, எப்போது மாற்றினார்கள் என்று தெரியாவிட்டால், முதல் வேலையாக அதை மாற்றுங்கள்.

கடைசியாக ஒரு வார்த்தை. என்ஜினைப் போலவே நம் உள்ளான மனுஷனும் பேசுகிறான். ஜெபம் குறையும்போது ஒரு சத்தம் கேட்கிறது. வீட்டில் மனைவி பிள்ளைகள்மேல் எரிந்து விழும்போது சூடு முள் மேலே ஏறுகிறது. சிம்சோன் முன்போலவே எழும்பிப் போய்விடலாம் என்று நினைத்தான். பெலன் போய்விட்டதே அவனுக்குத் தெரியவில்லை (நியாயாதிபதிகள் 16:20). ஐந்து கன்னிகைகளின் விளக்கில் எண்ணெய் குறைந்ததும் ஒரே நிமிஷத்தில் அல்ல. விளக்கு எரியும்போதே ஓரம் கட்டுகிறவன் பாக்கியவான். நிறுத்துவது தோல்வி அல்ல, சகோதரனே! நிறுத்தத் தெரிந்தவன்தான் ஊர் போய்ச் சேருவான்.

ஜெபிப்போமா?

அன்பின் பரலோகப் பிதாவே, ரோட்டையே நம்பிப் பிழைக்கிற எங்கள் பிள்ளைகளை உம்முடைய கரத்தில் ஒப்புக்கொடுக்கிறோம். எச்சரிப்பின் சத்தத்தைக் கேட்கிற காதைத் தாரும். விழுந்த இடத்தை மறைக்காமல் காட்டுகிற உண்மையைத் தாரும். நெருக்கத்திலும் பிறனை ஏமாற்றாத இருதயத்தைத் தாரும். கஷ்டப்படுகிறவனைப் பார்த்துக் குற்றம் பேசாமல் கையை நீட்டுகிற சபையாக எங்களை வைத்தருளும். வண்டி நின்றுபோய், வழி தெரியாமல் இதை வாசிக்கிற ஒவ்வொருவருக்கும் நீரே வழியைத் திறந்தருளும். இயேசுவின் நாமத்தில் ஜெபம் கேளும், நல்ல பிதாவே. ஆமென்.